சாகாத சோழர்களும் செத்துப்போன கூலிகளும்

துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரெயில் ஏறி ராஜா சூலான் நிலையத்தில் இறங்குவேன். ஐந்து வருடமாக நான் வேலைக்குப் போகும் வழி இதுதான். பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை, ஜாலான் ராஜா சூலான் பக்கம் அலுவலகம், சனிக்கிழமையானால் கிள்ளானில் அப்பா அம்மா வீடு. அலுவலகத்தில் கூட வேலை செய்யும் நண்பன் ஒருவன் காரின் பின் கண்ணாடியில் புலிக்கொடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். ஒருநாள் அந்த ரோட்டின் பெயர்ப்பலகையைக் காட்டிச் சொன்னான்: "பாத்தியா மச்சான், ராஜா சோழன். நாம ஆண்ட மண்ணு இது."

எனக்கு உடனே 'ஆயிரத்தில் ஒருவன்' படம்தான் ஞாபகம் வந்தது. எம்ஜிஆர் படம் இல்லை, செல்வராகவன் படம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். பிடித்ததற்காக வெட்கப்பட்டதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2010 பொங்கலுக்கு வந்த படம். எனக்குப் பதின்மூன்று வயது. தியேட்டரில் பார்க்கவில்லை. சில மாதங்கள் கழித்து கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் டிவிடி வாங்கி, பெரியப்பா வீட்டு ஹாலில் பாய் விரித்து எல்லாரும் பார்த்தோம். தாத்தா நாற்காலியைப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பெயரைக் கேட்டு எம்ஜிஆர் படம் என்று நினைத்துவிட்டார் பாவம். கார்த்தி வந்ததும் முகம் சுருங்கிப்போனது. எழுந்து போகப் பார்த்தவர், திரையில் யாரோ "கூலி" என்றதும் திரும்ப உட்கார்ந்தார். படம் முடியும்வரை எழவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1279-இல் பாண்டியரிடம் தோற்ற சோழ அரசன், தன் மகனையும் கொஞ்சம் மக்களையும் ரகசியமாகக் கடல் கடந்து அனுப்பிவைக்கிறான். பாண்டியரின் குலதெய்வச் சிலையும் அவர்களோடு போகிறது. எழுநூறு வருடங்களுக்கும் மேல் கழித்து, அவர்களைத் தேடிப்போன தொல்லியல் அறிஞர் ஒருவர் காணாமல் போக, அவரைத் தேடி ஒரு குழு வியட்நாம் பக்கத்துத் தீவு ஒன்றுக்குக் கிளம்புகிறது. தலைமை அனிதா (ரீமா சென்). அறிஞரின் மகள் லாவண்யா (ஆண்ட்ரியா). மூட்டை தூக்க வந்த கூலியாட்களின் தலைவன் முத்து (கார்த்தி). கடல், காட்டுவாசிகள், பாம்பு, பசி, புதைமணல் என்று ஏழு தடைகள். அதையெல்லாம் தாண்டினால் அங்கே சோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சைக்குத் திரும்ப அழைத்துப்போகத் தூதுவன் வருவான் என்று காத்திருக்கிறார்கள்.

சாகாதவர்களைப் பற்றிய வாள்சண்டைப் படங்கள் உலகத்தில் நிறைய உண்டு. 1986-இல் வந்த 'ஹைலேண்டர்' படத்தில் ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் நானூறு வருடத்துக்கும் மேல் வாளோடு திரிவான். அங்கெல்லாம் சாகாமல் இருப்பது தனி ஆளுக்குக் கிடைத்த வரம் அல்லது சாபம். செல்வராகவன் செய்தது வேறு. இங்கே ஆட்கள் பிறக்கிறார்கள், சாகிறார்கள். அவர்களுடைய 1279 மட்டும் சாகவில்லை. ஒரு கூட்டமே கடிகாரத்தை நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

படத்தின் பெரிய பலம் அந்தக் கூட்டத்தைக் காட்டிய விதம். சோழன் என்றால் நம் மனதில் வருவது தங்க நகையும் பட்டும் யானையும்தான். 2022-லும் 2023-லும் வந்த 'பொன்னியின் செல்வன்' பாகங்களில்கூட எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டவர்களாக இருந்தார்கள். இந்தப் படத்துச் சோழர்கள் எலும்பும் தோலுமாக, கரிபிடித்த குகைக்குள் பசியோடு இருக்கிறார்கள். பார்த்திபனின் அரசன் கம்பீரமாகத்தான் நுழைகிறான், பின்னணி இசையும் அதற்கு ஏற்றமாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பீரத்துக்குக் கீழே சோறு இல்லை. சாகாமல் இருப்பதற்கு என்ன விலை என்று இவ்வளவு அழுக்கோடு காட்டிய தமிழ்ப்படம் வேறு எனக்குத் தெரியாது.

இரண்டாவது பலம் மொழி. படத்தின் பின்பாதியில் பேசப்படும் பழந்தமிழில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. பெரியப்பா ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டார். பார்ப்பவனுக்குப் புரியாது என்று தெரிந்தும் வைத்த துணிச்சல் பெரிது. 'பெம்மானே' பாட்டை பி.பி.ஸ்ரீனிவாஸையும் பாம்பே ஜெயஸ்ரீயையும் பாடவைத்த ஜி.வி.பிரகாஷுக்கு அப்போது வயது இருபதுகளின் ஆரம்பம். என் வயதில் நான் ஏர்கண்டிஷன் குழாய்க்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புதைமணலின் மேல் நடராஜர் நிழல் விழும் காட்சியைப் பற்றி ஒரு சின்னக் குறுக்கீடு. அந்த நிழலுக்குள் மட்டும் நடந்தால் பிழைக்கலாம். அற்புதமான கற்பனை. ஆனால் சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். அதே இடத்துக்கு அதே கோணத்தில் வருவது வருடத்துக்கு இரண்டு தரம்தான். தேதி தவறிப் போயிருந்தால் எல்லாரும் புதைந்திருப்பார்கள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அண்ணன் அடித்திருப்பான்.

கடைசி அரைமணி நேரத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். முள்ளிவாய்க்கால் நடந்து எட்டே மாதத்தில் வந்த படம். ராணுவம் நுழைவது, பெண்களுக்கு நடப்பது, கடலோரம் விழும் உடல்கள். பார்த்த பலரும் அதை ஈழமாகவே பார்த்தார்கள். பதின்மூன்று வயதில் எனக்கு அது புரியவில்லை. ஹாலில் பெரியவர்கள் யாரும் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். 1279 சும்மா போட்ட வருடம் இல்லை. மூன்றாம் ராஜேந்திர சோழனைப் பற்றிய தகவல் அந்த வருடத்தோடு நின்றுவிடுகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம் அது. அதற்குப் பிறகு சோழ அரசு என்று ஒன்று இல்லை. கல்வெட்டு நின்றுபோன இடத்திலிருந்து செல்வராகவன் கதையைத் தொடங்கினார். அதில் தப்பு எதுவும் இல்லை, கதைக்காரன் நுழைய வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உண்மைக் கதை ஒன்று இருக்கிறது, படத்தைவிட விசித்திரமானது. 1281-இல், அதாவது சோழர் கதை முடிந்த இரண்டே வருடத்தில், சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் ஒரு சிவன் கோயில் எழுகிறது. அங்கே கிடைத்த கல்வெட்டு தமிழிலும் சீனத்திலும் இருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அது. யாருடைய நலத்துக்காக? சோழனுக்கும் இல்லை, பாண்டியனுக்கும் இல்லை. சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் நலத்துக்காக. குப்லாய் கானின் ஆட்சி அது.

தஞ்சையில் அரியணை போய்விட்டது. இங்கே கடல்கடந்த தமிழன் ஒருத்தன் அழவும் இல்லை, குகைக்குள் ஒளியவும் இல்லை. புது ராஜா பெயரில் கோயில் கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறான்.

இந்த வியாபாரிகளின் தடம் நம் பக்கமெல்லாம் கிடக்கிறது. தாய்லாந்தின் தகுவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெட்டப்பட்ட ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. சுமத்ராவின் பாருஸ் அருகே 1088-ஆம் வருடக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தைச் சொல்கிறது. மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான சமூகம். வீட்டில் மலாய் பேசுவார்கள், சாப்பாடும் உடையும் மலாய் பாணி, கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். மலாக்காவில் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் 1781-ஆம் வருடத்தது. படத்தில் வரும் சோழர்கள் மொழியை விடாமல் பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். இவர்கள் மொழியை விட்டுவிட்டார்கள், ஆனால் இருக்கிறார்கள். எது சாகாமை என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தடுமாறுகிறது. தமிழில் எழுதிக்கொண்டு இதைச் சொல்கிறேன் என்பதும் தெரிகிறது.

நண்பனின் ஸ்டிக்கருக்கு வருவோம். முதலாம் ராஜேந்திரன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பல்படை அனுப்பியது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கடாரம் உட்பட அடித்த ஊர்களின் பட்டியலே இருக்கிறது. சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்ற அரசன் பிடிபட்டான். ஏன் அடித்தான் என்பதில் இன்றும் வாதம் உண்டு. சீனத்துக்குப் போகும் வணிகப் பாதைதான் காரணம் என்பது பலருடைய கருத்து. இத்தனைக்கும் இருபது வருடம் முன்னால், ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டினான். சோழர்கள் அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே கொடுத்தார்கள். நட்பும் இருந்தது, அடியும் இருந்தது. அடித்தார்கள், கொண்டுபோனார்கள், திரும்பிப் போனார்கள். ஆண்டார்கள் என்று சொல்வதற்கு இங்கே சோழ நிர்வாகம் எதுவும் நிலைத்ததாகத் தெரியவில்லை.

கொண்டுபோன பொருட்களில் ஒன்று வித்தியாதர தோரணம், எதிரியின் வாசலில் இருந்த அலங்கார வளைவு. 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடியும் நம் பிரதமர் நஜிப்பும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோரணவாயிலைத் திறந்துவைத்தார்கள், இந்தியா கொடுத்த பரிசு, சாஞ்சி பாணியில். எடுத்துப்போன தோரணத்துக்குப் பதில் தோரணம் வந்துசேர 990 வருடம் ஆகியிருக்கிறது. இதை யாராவது முன்பே கவனித்தார்களா என்று தெரியவில்லை, நான் அதன் கீழே தே தாரிக் வாங்கப் போகும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

அப்புறம் ராஜா சூலான். அந்த ரோடு முன்பு வெல்ட் ரோடு. இப்போதைய பெயர் பேராக் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சர் சூலானுடையது, 1933-இல் காலமானவர். ஆக ரோடு சோழனுடையது இல்லை. ஆனால் 'சூலான்' என்ற பெயர் பேராக் அரச குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது? 'செஜாரா மெலாயு'வில் ராஜா சூலான் என்று ஓர் அரசன் வருகிறான், கலிங்கத்துக்காரன். சோழனின் நினைவுதான் அந்தப் பெயர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவன் கங்கா நெகாராவை அடித்துவிட்டு, சீனத்தையும் பிடிக்கப் பெரும்படையோடு துமாசிக் வரை வருகிறான். சீனர்கள் ஒரு கப்பலை அனுப்புகிறார்கள். கப்பலில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்த பழமரங்கள், பல் விழுந்த கிழவர்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், நாங்கள் கிளம்பும்போது எல்லாரும் சின்னப் பையன்கள், இந்த மரமெல்லாம் விதை, இந்த ஊசியெல்லாம் கைத்தடிமன் இரும்புக் கம்பி என்கிறார்கள். அரசன் படையைத் திருப்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கடியில் போய் அங்கே ஓர் இளவரசியைக் கட்டிக்கொள்கிறான். மலாய் அரச வம்சமே அந்த வழியில் வந்ததாகக் கதை போகிறது.

அதாவது மலாய்க்காரர்கள் நம் சோழனைப் பகையாகத் தள்ளவில்லை. தங்கள் கொள்ளுத்தாத்தா ஆக்கிக்கொண்டார்கள், கூடவே கொஞ்சம் ஏமாளியாகவும். எனக்கு இந்தச் சோழன்தான் மிகவும் பிடித்தவன்.

இப்போது படத்தின் குறைகள். தீவுக்குப் போகும் வழியில் வரும் காட்டுவாசிகளை, சுட்டுத்தள்ளுவதற்காகவே வந்தவர்கள்போல் காட்டியிருக்கிறார்கள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. கார்த்தி இரண்டு பெண்களிடமும் பேசும் பேச்சை இன்றைக்குக் கேட்கக் கூசுகிறது. கிராபிக்ஸ் அப்போதே பல்லிளித்தது. அனிதா பாண்டிய வம்சம் என்று தெரியவரும் திருப்பம் அழகு. ஆனால் அதற்கப்புறம் பாண்டியர்கள் வெறும் வில்லன்கள். எழுநூறு வருடப் பகையைத் தூக்கிச் சுமக்கிறவன் சோழன் என்றால் அவன் தியாகி, பாண்டியன் என்றால் துரோகி. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கமுடியாதது ஒன்று. சோழர்களிடம் பிடிபட்டவர்களைக் களத்தில் நிறுத்துகிறார்கள். ஒரு ராட்சத ஆள் சங்கிலியில் கட்டிய குண்டைச் சுழற்றி அவர்களை அடித்துக் கொல்கிறான். சுற்றிலும் மக்கள் ஆரவாரம் செய்கிறார்கள். செத்தவர்கள் யார்? மூட்டை தூக்கக் கூலிக்கு வந்தவர்கள். முத்து பிழைக்கிறான். தீர்க்கதரிசனம் சொன்ன தூதுவன் அவன்தான் என்று ஆகிறது. அதோடு படம் மற்ற கூலிகளை மறந்துவிடுகிறது. கடைசியில் அரசனுக்காக அழுகிறோம், அரசன் மகனைத் தூக்கிக்கொண்டு முத்து தப்பிக்கிறான், சோழன் பிழைத்தான் என்று மூச்சுவிடுகிறோம்.

அன்றைக்குத் தாத்தா கேட்டார்: "அந்தக் கூலிங்கல்லாம் எங்கடா? வீட்டுக்குச் சேதி போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது அந்தக் களத்தை நினைத்தால், அதில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்ற கேள்வி வருகிறது. நண்பனின் ஸ்டிக்கர் மேலே உட்கார்ந்து ஆரவாரம் செய்கிறது. எங்கள் குடும்பம் வந்தது கீழே நின்றவர்களின் வழியில். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. கொள்ளுத்தாத்தா அதன் கடைசி ஆண்டுகளில் கப்பலேறியவர். கிள்ளானுக்கும் காப்பாருக்கும் இடையில் ஒரு தோட்டம், லயத்து வீடு, பால்வெட்டு.

தாத்தா எதிர்பார்த்து உட்கார்ந்த அந்த இன்னொரு படத்தைப் பிறகுதான் பார்த்தேன். பி.ஆர்.பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்', 1965 ஜூலை. நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறன், காயம்பட்ட கலகக்காரனுக்கு மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக மற்றவர்களோடு கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். பிறகு தப்பித்தல், கடற்கொள்ளை, நம்பியாரோடு வாள்சண்டை. எரால் பிளின் நடித்த 1935-ஆம் வருட 'கேப்டன் பிளட்' படத்தின் தழுவல். அதற்கு மூலம் சபாடினியின் 1922 நாவல். நாவலுக்குப் பின்னால் ஓர் உண்மை ஆள் இருக்கிறார். ஹென்றி பிட்மன் என்ற ஆங்கில மருத்துவர், 1685 மன்மத் கலகத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்ததற்காக பார்படோஸ் தீவுக்குக் கட்டாய வேலையாளாக அனுப்பப்பட்டவர். கரும்புத் தோட்டத் தீவு. அங்கிருந்து தப்பித்தவர்.

கரும்புத் தோட்டத்தில் தொடங்கிய கதை லண்டன், ஹாலிவுட், சென்னை என்று சுற்றி, கடைசியில் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணியில் விழுந்தது. தாத்தா அங்கேதான் பார்த்தார். வெட்டும் வீச்சுமான சண்டைக்கு எல்லாரும் விசிலடித்தார்கள், ஆனால் தீவில் ஆட்களை ஏலம் விடும் இடத்தில் கிழவிகள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று சொல்வார். அந்தப் படத்துக்கு வரலாறு ஒன்றும் கிடையாது. நெய்தல் நாடும் கன்னித்தீவும் கற்பனை. எம்ஜிஆரின் சட்டை ஒருநாளும் கசங்காது. என்றாலும் கூலிகளைக் கூட்டமாகவே கரைசேர்க்க நினைத்த படம் அதுதான். தொழில்நுட்பத்திலும் துணிச்சலிலும் செல்வராகவன் படம் பல மடங்கு மேல். இந்த ஒரு விஷயத்தில் கீழே.

கிள்ளானில் நிஜமாகவே அப்படி ஒன்று நடந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். ஆர்.எச்.நாதன் என்ற பத்திரிகைக்காரர் தொழிலாளர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூடு என்று கோரிக்கைகள். அதில் ஒன்று: துரையையோ கிராணியையோ வழியில் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். கலவரமானது, ராணுவம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

கொள்ளுத்தாத்தாவிடம் சைக்கிளே கிடையாது. ஆனாலும் பெரட்டுக்குப் போகாமல் லயத்திலேயே உட்கார்ந்துகொண்டாராம். சைக்கிள் இல்லாதவர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்த இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஜோக்காகத்தான் சொல்வார்கள். எனக்குச் சமீபமாக அப்படித் தோன்றுவதில்லை. கிள்ளானில் இதற்கு யாரும் ஸ்டிக்கர் அடித்து நான் பார்த்ததில்லை.

'கடாரம் கொண்டான்' என்று 2019-இல் விக்ரம் நடித்து ஒரு படம் வந்தது, கோலாலம்பூரில் நடக்கும் கதை. அதையும் பார்த்தேன், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1960-இல் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஆரம்பத்தில் வாங்கியவற்றில் ஒன்று புக்கிட் சிடிம். அது இருப்பது கெடாவில்.

கடாரம் என்பது கெடாதான்.

இதை நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு லோகோ என்னடா?" என்றான். தெரியவில்லை என்றேன். போன சனிக்கிழமை தாத்தாவிடம் கேட்டேன். அவரும் 10 வெள்ளி கட்டியவர். காகிதம் எங்கேயோ இருக்கிறது என்று அலமாரியைத் திறந்து, பாட்டியின் மருந்துச் சீட்டு, பழைய நீல அடையாள அட்டை, ஈபிஎஃப் கடிதம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். கிடைக்கவில்லை. எம்ஜிஆர் படத்தைப் போடச் சொன்னார். போட்டேன். கன்னித்தீவு வருவதற்குள் தூங்கிவிட்டார்.